ஜப்பான் மட்சுரி படங்கள்: கியோன், கான்தோ, நெபுதா. எங்கே நிற்பது, ஆட்களிடம் எப்படிக் கேட்பது?

மணல்வீடு:

வணக்கம். ஜூலை 13 முதல் 18 வரை கியோட்டோ, ஆகஸ்ட் 3 முதல் 7 வரை அகிதாவும் அவோமோரியும் என்று பயணம் முடிவாகியிருக்கிறது. கியோட்டோவின் கியோன் மட்சுரி (தேர்த் திருவிழா), அகிதாவின் கான்தோ (விளக்குக் கம்பத் திருவிழா), அவோமோரியின் நெபுதா (ஒளிரும் தேர்த் திருவிழா) மூன்றையும் படம் எடுக்க எண்ணம். ஒரு ஃபுல் ஃபிரேம் கேமரா, 24-70 எஃப் 2.8, 70-200 எஃப் 4, 35 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ்கள் இருக்கின்றன.

தேர்களின் படம் இணையத்தில் கொட்டிக் கிடக்கிறது. எனக்கு வேண்டியவர்கள் அவற்றை இழுப்பவர்கள், தூக்குபவர்கள், மேளம் அடிப்பவர்கள். கியோன் ஊர்வலத்தில் எங்கே நின்றால் முகங்கள் கிடைக்கும்? ஓடிக்கொண்டிருப்பவரை நிறுத்தி அனுமதி கேட்க முடியாது, அப்போது என்ன செய்வது? இரவு விளக்கு வெளிச்சத்துக்கு என்ன அமைப்பு? ட்ரைபாட் எடுத்துப் போகலாமா? இணையத்தில் போட்டால் சட்டச் சிக்கல் உண்டா?

இருட்டறை:

கியோனுக்கு நான் சொல்கிறேன். வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதை வைத்தே இடத்தை முடிவு செய்யுங்கள்.

17ஆம் தேதி ஊர்வலம் காலை 9 மணிக்கு ஷிஜோ கராசுமா சந்திப்பிலிருந்து கிளம்புகிறது. ஷிஜோ தெருவில் கிழக்கே போய், கவராமாச்சியில் வடக்கே திரும்பி, ஓய்கேயில் மேற்கே திரும்பி, கடைசியில் ஷின்மாச்சி வழியாகத் தத்தம் தெருக்களுக்குத் திரும்பும். ஷிஜோவில் அவர்கள் கிழக்கு நோக்கி வருவதால் காலை வெயில் நேராக முகத்தில் விழும். ஓய்கேயில் அதே ஆட்கள் மேற்கே நடப்பார்கள், அதற்குள் வெயிலும் உச்சிக்கு ஏறியிருக்கும். இழுப்பவர்கள் தலையில் அகலமான பின்னல் தொப்பி இருப்பதால் முகம் முழுக்கக் கறுத்துவிடும். கட்டண இருக்கைகள் ஓய்கேயில்தான் அதிகம். உட்கார்ந்து பார்க்க வசதியான இடம், முகங்களுக்குச் சுமாரான இடம்.

ஷிஜோவிலும் ஒரு தொல்லை உண்டு. நடைபாதை முழுக்கக் கூரை போட்டிருக்கிறார்கள். உள்ளே தள்ளி நின்றால் ஹோகோ எனும் உயரமான தேரின் மேல்பாதி கூரையில் மறைந்துவிடும். பெரிய ஹோகோக்கள் 25 மீட்டர் உயரம் வரை இருக்கும். உங்களுக்கு ஆட்கள்தான் முக்கியம் என்பதால் கவலையில்லை, நிழலில் நின்று வெயிலில் வருபவர்களை எடுப்பது வசதிதான். ஆனால் கேமராவைத் தானியங்கி அளவீட்டில் விட்டால் நிழலையும் சேர்த்துக் கணக்கிட்டு வெள்ளை உடைகளை வெளுக்கவைத்துவிடும். மேனுவலில் வையுங்கள். ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 200, எஃப் 5.6, ஷட்டர் வேகம் 1/1250 என்று தொடங்கி ஹிஸ்டோகிராமை (வெளிச்சப் பரவல் வரைபடம்) பார்த்து மாற்றுங்கள்.

எல்லோரும் போய்க் குவியும் இடம் ஷிஜோ கவராமாச்சி முனை. ஹோகோவின் மரச்சக்கரத்துக்கு இடம் வலம் திரும்பும் வசதி கிடையாது. சக்கரத்தின் கீழ்ப் பிளந்த மூங்கிலைப் பரப்பி, தண்ணீர் ஊற்றி, கயிற்றைப் பக்கவாட்டில் இழுத்துச் சறுக்கவைக்கிறார்கள். நம் தேரில் முட்டுக்கட்டை போடுபவரின் வேலையை இங்கே மூங்கில் செய்கிறது. 12 டன் வரை எடையுள்ள தேர் ஒரே இழுப்பில் திரும்பிவிடாது, இரண்டு மூன்று இழுப்பாகும். அதுதான் நமக்கு வாய்ப்பு. முதல் இழுப்பில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள், இரண்டாவதில் எடுங்கள். தேரின் முன்தட்டில் விசிறியோடு நின்று குரல் கொடுப்பவர்களின் கை உயர்ந்து முன்னே நீண்ட அடுத்த கணம் கயிறு விறைக்கும். விரல் அந்தக் கையைப் பார்த்துத்தான் அழுந்த வேண்டும். தேர் அசைவதைப் பார்த்து அழுத்தினால் முகத்தின் இறுக்கம் போய்விட்டிருக்கும். 70-200 போதும், 1/800க்குக் கீழே போகாதீர்கள். முதல் வரிசை வேண்டுமானால் காலை ஏழுக்கு முன்பே அங்கே இருக்க வேண்டும்.

நகினாதா ஹோகோ என்ற தேரில் இருக்கும் சிறுவன் குறுக்கே கட்டிய புனிதக் கயிற்றை வெட்டும் இடத்துக்குப் போக வேண்டாம் என்பேன். ஒரே வீச்சு, அதற்குள் முன்னால் நூறு கைகள் உயர்ந்துவிடும். அந்த நேரத்தை ஷின்மாச்சியில் இடம் பிடிக்கப் பயன்படுத்துங்கள். தெரு அவ்வளவு குறுகல், ஹோகோ வீட்டுக் கூரைகளை உரசாத குறையாகப் போகும். தேரின் கூரையில் உட்கார்ந்திருப்பவர்கள் மின்கம்பங்களில் இடிக்காமல் காலால் உதைத்துத் தள்ளுவார்கள். 24 மி.மீ. வைத்து மேல்நோக்கி எடுக்கலாம். தேர் வரும்போது சுவரோடு ஒட்டி நிற்கவும், பையை முதுகிலிருந்து கழற்றிக் காலடியில் வைக்கவும். காவலர் கை காட்டினால் அந்த இடத்தை விட்டுவிட வேண்டியதுதான்.

காலை ஊர்வலம் முடிந்ததும் பாதிக் கூட்டம் கிளம்பிவிடும். நீங்கள் கிளம்பாதீர்கள். அன்று மாலை ஆறு மணியை ஒட்டி யசாக்கா கோயிலின் மேற்குப் படிகளுக்கு முன்னால் மூன்று மிகோஷிகள் (தோளில் தூக்கும் தெய்வப் பல்லக்குகள்) வந்து கூடும். காலையில் வந்தது அலங்காரம். மாலையில் வரும் மிகோஷியில்தான் தெய்வமே வெளியே வருகிறது. நூற்றுக்கணக்கானவர்கள் தோளில் தூக்கி, கத்தி, தலைக்கு மேலே உயர்த்துவார்கள். நீங்கள் தேடும் முகங்கள் இங்கேதான் இருக்கின்றன. ஷிஜோ தெரு கிழக்கு மேற்காக ஓடுவதால் சாய்ந்த வெயில் தெருவின் நீளத்துக்கும் வரும். மேகம் இருந்தால் ஐஎஸ்ஓ 1600 வரை தயங்காமல் ஏற்றுங்கள், 1/500ஐ விட்டுக்கொடுக்க வேண்டாம்.

கல்தூண்:

அனுமதி பற்றி. ஊர்வலத்தில் நடப்பவரிடம் கேட்க வேண்டியதில்லை, கேட்கவும் கூடாது, அவர் வேலையில் இருக்கிறார். ஊர்வலத்துக்கு முன்னும் பின்னும் கேட்கலாம். நல்ல முகப்படங்கள் கிடைப்பதும் அப்போதுதான்.

நீங்கள் 13ஆம் தேதி வருவது நல்லதாகப் போயிற்று. ஜூலை 10 முதல் 14 வரை தெருவிலேயே ஹோகோக்களைக் கட்டுவார்கள். ஆணி இல்லை, வைக்கோல் கயிற்றால் பிணைத்தே நிறுத்துகிறார்கள். 12, 13 தேதிகளில் வெள்ளோட்டம், அதில் பொதுமக்களும் கயிறு பிடிக்கலாம். அங்கே கூட்டம் குறைவு, தச்சர்களும் பெரியவர்களும் நிதானமாக இருப்பார்கள். அரை மணி நேரம் கேமராவை எடுக்காமல் வேலையை மட்டும் பாருங்கள். கண் சந்தித்தால் லேசாகத் தலை குனியுங்கள். பிறகு கேமராவைக் காட்டி "ஷஷின் ஒ தொத்தே மோ ஈ தெஸ் கா" என்று கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள். அதே ஆட்கள் 17ஆம் தேதி தேரோடு வரும்போது உங்களை அடையாளம் கண்டுகொள்வார்கள்.

மறுப்பைப் படிக்கத் தெரிய வேண்டும். ஜப்பானில் "முடியாது" என்று வாயால் சொல்பவர் குறைவு. "சோத்தோ..." என்று இழுத்து நிறுத்தினால் வேண்டாம் என்று பொருள். முகத்துக்கு முன்னால் உள்ளங்கையை நிமிர்த்தி இடம் வலமாக ஆட்டினாலும் வேண்டாம்தான். நம்மவர்கள் அதை வணக்கம் சொல்வதாக நினைத்துச் சிரித்துக்கொண்டே எடுத்துவிடுகிறார்கள். இரு கைகளைப் பெருக்கல் குறிபோல வைத்தால் சந்தேகமே வேண்டாம்.

சம்மதித்தவர் உடனே இரண்டு விரலைத் தூக்கிக் காட்டுவார். அதைத் தடுக்காதீர்கள். ஒன்று எடுத்துத் திரையில் காட்டுங்கள், நன்றி சொல்லுங்கள். அவர் தன் வேலைக்குத் திரும்பியதும் "சோனோ மாமா தே" என்றால் போதும், அப்படியே இருங்கள் என்று புரிந்துகொண்டு வேலையைத் தொடர்வார். உங்களுக்கு வேண்டிய படம் அந்த இரண்டாவதுதான்.

கேட்டு எடுத்த படத்தைத் திருப்பிக் கொடுப்பதற்கு எளிய வழி உண்டு. செவன் இலெவன், லாசன், ஃபேமிலிமார்ட் கடைகளில் இருக்கும் நகல் இயந்திரத்தில் ஃபோனிலிருந்தே படம் அச்சிடலாம். சிறிய அளவு 89க்கு 127 மி.மீ., சட்டைப்பையில் அடங்கும். முந்தைய நாள் எடுத்ததை மறுநாள் கையில் கொடுத்தால், அந்தத் தெருக்காரர்களே உங்களுக்கு நிற்க இடம் காட்டுவார்கள்.

14 முதல் 16 வரை மாலைகளில் சில பழைய வீடுகள் தங்கள் மடிப்புத் திரைகளையும் குலச்சொத்துகளையும் தெருவுக்குத் திறந்து வைக்கும். வாசலில் படம் கூடாது என்று எழுதியிருந்தால் உள்ளே இருக்கும் மனிதர்களுக்கும் அது சேர்த்துத்தான்.

ட்ரைபாட் வேண்டாம். 15, 16 இரவுகளில் ஷிஜோவும் கராசுமாவும் நடப்பவர்களுக்காக மூடப்படும், தோளோடு தோள் இடிக்கும் நெரிசல். மூன்று கால்களை விரித்தால் யாராவது தடுக்கி விழுவார்கள். ஏணிப்படி கொண்டு வருபவர்களை அந்தத் தெருக்காரர்களுக்குச் சுத்தமாகப் பிடிக்காது.

மணல்வீடு:

இருட்டறை, கல்தூண், இருவருக்கும் நன்றி. 17ஆம் தேதி மாலை மிகோஷி பற்றி எந்தப் பயணக் குறிப்பிலும் பார்க்கவில்லை. அகிதா, அவோமோரி இரவுகளுக்கும் யாராவது சொல்லுங்கள். சோதனை செய்து பார்த்ததில் தெருவிளக்குக் கீழே சில படங்களில் கிடைமட்டமாகக் கறுப்புப் பட்டை விழுகிறது.

அந்திவெளிச்சம்:

பட்டைக்குக் காரணம் விளக்கின் துடிப்பு. ஜப்பானில் மின்சாரம் இரண்டு வகை. கிழக்கே 50 ஹெர்ட்ஸ், மேற்கே 60. ஷிசுவோகாவின் ஃபுஜி ஆற்றையும் நீகாதாவின் இதோய்கவாவையும் இணைக்கும் கோடு போல எல்லை. அகிதா, அவோமோரி, டோக்கியோ 50 பக்கம், கியோட்டோ 60 பக்கம். அதனால் கியோட்டோ இரவில் 1/60 அல்லது 1/125, அகிதாவில் 1/50 அல்லது 1/100. கேமராவில் துடிப்பு தவிர்க்கும் வசதி இருந்தால் போட்டுவிடுங்கள். எலக்ட்ரானிக் ஷட்டரை இரவில் அணைத்துவிடவும், பட்டை அதில்தான் மோசமாக விழும். நெபுதா தேர்கள் சொந்த ஜெனரேட்டரோடு வருவதால் அங்கே ஊர்க் கணக்கு எப்போதும் பொருந்தாது, சோதித்துப் பார்த்து வேகத்தை நகர்த்துங்கள்.

கான்தோவில் இந்தத் தொல்லை குறைவு, அந்த விளக்குகளுக்குள் எரிவது உண்மையான மெழுகுவத்தி. பெரிய கம்பம் 12 மீட்டர், 50 கிலோ, 46 விளக்குகள். அதை உள்ளங்கையில், நெற்றியில், தோளில், இடுப்பில் நிறுத்துவார்கள். விளக்குக் கூட்டத்துக்கும் கீழே நிற்பவர் முகத்துக்கும் வெளிச்ச வித்தியாசம் அதிகம். முழுக் கம்பத்தையும் சட்டத்துக்குள் கொண்டுவர ஆசைப்பட்டால் ஆள் கடுகாகிவிடுவார். முழுக் கம்பம் இரண்டு படம் போதும். பிறகு 70-200ஐ எடுத்து முகம், கை, கம்பத்தின் அடிப்பகுதி என்று வெட்டுங்கள். எஃப் 4 லென்ஸ் என்பதால் ஐஎஸ்ஓ 6400, 1/100 தேவைப்படும். கம்பத்தைச் சமன் செய்பவர் பெரும்பாலும் அசையாமல்தான் நிற்பார், 1/100 தாங்கும்.

ஃபிளாஷ் கூடவே கூடாது. அவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறார், கண் கூசினால் 50 கிலோ கம்பம் சாயும். பலர் மறப்பது ஃபோகஸுக்காகக் கேமரா தானாகப் பாய்ச்சும் சிவப்பு விளக்கு. அதையும் மெனுவில் அணைத்துவிடுங்கள்.

நிற நிர்ணயம் ஆட்டோவில் இருந்தால் மெழுகு வெளிச்சம் வெளிறிப்போகும். 3200 கெல்வினில் நிறுத்திவையுங்கள், ரா வடிவில் (பிறகு திருத்த வசதியான மூலக் கோப்பு) எடுங்கள். சிவப்பு முதலில் வெடிக்கும் என்பதால் மூன்று நிற ஹிஸ்டோகிராமைத் திறந்து சிவப்பைப் பார்த்து அளவிடவும். மொத்த ஹிஸ்டோகிராம் சரியாகத் தெரிந்தாலும் விளக்குத்தாளின் எழுத்துகள் கரைந்துபோயிருக்கும்.

கான்தோவில் இன்னும் இரண்டு வாய்ப்புகள். ஒன்று, பகலில் நடக்கும் திறன் போட்டி. இரவில் எடுக்க முடியாத கண்களும் கழுத்து நரம்புகளும் பகலில் தெளிவாக வரும். மற்றொன்று, இரவு நிகழ்ச்சி முடிந்ததும் பார்வையாளர்கள் கம்பத்தருகே போய்க் கலைஞர்களோடு பேசவும் படம் எடுக்கவும் விடும் நேரம். 35 மி.மீ. லென்ஸை மாட்டிக்கொண்டு போங்கள். கல்தூண் சொன்ன கேட்கும் முறையெல்லாம் அங்கே அப்படியே பலிக்கும்.

நெபுதா வேறு கணக்கு. ஆகஸ்ட் தொடக்கத்தில் அவோமோரியில் சூரியன் மறைவது ஏழுக்குச் சற்று முன். ஊர்வலம் தொடங்குவதும் ஏறக்குறைய அப்போதுதான். முதல் அரை மணி நேரம் வானம் நீலமாக இருக்கும், தேரின் வெளிச்சமும் வானமும் சமமாக வரும். அதற்குப் பிறகு பின்னணி கறுப்புதான். தேர் 9 மீட்டர் அகலம், 5 மீட்டர் உயரம், உள்ளிருந்து எல்இடி ஒளிரும். ஐஎஸ்ஓ 1600, எஃப் 2.8, 1/250 என்று தொடங்கலாம். தேருக்கு முன்னால் குதித்து வரும் ஹனெதோ ஆட்டக்காரர்களை நேரே நின்று எடுத்தால் பின்வெளிச்சத்தில் நிழலுருவம் மட்டுமே மிஞ்சும். விசிறி பிடித்து வழிநடத்துபவரைக் கவனியுங்கள், அவர் சைகை காட்டியதும் தேர் கூட்டத்தை நோக்கித் திரும்பும். அந்தச் சில நொடிகள் தேரே ஒரு மாபெரும் விளக்காகி, பக்கத்தில் நிற்பவர்கள் முகத்தில் மென்மையாக விழும். எடுக்க வேண்டிய நேரம் அது. குதிப்பதை உறையவைக்க 1/250, உடையின் அசைவு தெரிய வேண்டுமானால் 1/30இல் அவர்களோடு கேமராவையும் நகர்த்துங்கள்.

முழு ஹனெதோ உடை அணிந்தால் யாரும் முன்பதிவின்றி ஆட்டத்தில் சேரலாம், உடை வாடகைக்குக் கிடைக்கும். ஆனால் உள்ளே போனால் ஆடத்தான் வேண்டும். கேமராவைத் தூக்கிக்கொண்டு நடுவில் நின்றால் பின்னால் குதித்து வருபவர்கள் மோதுவார்கள். 7ஆம் தேதி ஊர்வலம் பகலில் வருகிறது. மேளக்காரர்களின் முகங்களுக்கு அதுவே சிறந்த நாள், இரவு நெபுதா மட்டும் பார்த்துக் கிளம்பிவிடாதீர்கள்.

கல்தூண்:

ஒரு சிறு மாற்றுக்கருத்து. கான்தோவில் 70-200ஐ முதன்மையாக வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. தூரத்திலிருந்து வெட்டி எடுத்த முகத்தில் அவர் என்ன தூக்குகிறார் என்பது தெரியாது. 35இல் குனிந்து உட்கார்ந்து, முகத்தைக் கீழே வைத்து, கம்பத்தை மேலே வளையவிட்டால் மனிதனும் பாரமும் ஒரே சட்டத்தில் வரும். எஃப் 1.8 கிடைப்பதால் ஐஎஸ்ஓவும் பாதிக்குக் கீழே இறங்கும்.

அந்திவெளிச்சம்:

முதல் வரிசையில் தரையில் உட்கார இடம் கிடைத்தால் நீங்கள் சொல்வதே மேல். இரண்டாம் வரிசைக்குப் பின்னால் 35இல் மற்றவர்களின் ஃபோன்கள்தான் பதியும், அப்போது நீள லென்ஸ்.

நாணல்:

சட்டக் கேள்விக்கு யாரும் வரவில்லையே. ஜப்பானில் உருவ உரிமைக்கென்று தனிச் சட்டம் இல்லை, நீதிமன்றத் தீர்ப்புகளால் வளர்ந்த உரிமை அது. சம்மதமின்றிப் படம் எடுக்கப்படாதிருக்கும் சுதந்திரத்தை உச்ச நீதிமன்றம் 1969இல் ஏற்றது. 2005 தீர்ப்பு அளவுகோலைச் சொன்னது: எடுக்கப்பட்டவர் யார், எங்கே, என்ன செய்துகொண்டிருந்தார், எதற்காக எப்படி எடுத்தார்கள், எடுக்கத் தேவை இருந்ததா என்று எல்லாவற்றையும் எடைபோட்டு, சமூக வாழ்வில் பொறுத்துக்கொள்ளும் எல்லையைத் தாண்டியதா என்று பார்ப்பது.

நடைமுறையில் இதன் பொருள்: பொதுத்தெருவில் ஊர்வலத்தில் நடப்பவரை, ஊர்வலமாகத் தெரியும்படி எடுத்துப் போட்டால் பிரச்சினை வருவது அரிது. அதே ஆள் ஓரமாக உட்கார்ந்து சட்டையைக் கழற்றி இளைப்பாறுவதை நெருக்கத்தில் எடுத்துப் போடுவது வேறு. ஓரத்தில் வேடிக்கை பார்ப்பவர் ஒருவரின் முகத்தைத் தனியே வெட்டிப் போடுவதும் வேறு. இவற்றுக்குக் கேட்டே ஆக வேண்டும். விளம்பரத்துக்கோ விற்பனைக்கோ என்றால் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். நெபுதா உருவங்கள் கலைஞர் ஒருவரின் படைப்பு, அந்தப் படத்தைப் பொருள்களில் அச்சிட்டு விற்க நினைத்தால் அதற்கும் தனி அனுமதி வேண்டும்.

குழந்தைகள் விஷயத்தில் பெற்றோரிடம் கேட்காமல் நெருக்கப் படம் எடுக்காதீர்கள், போடவும் வேண்டாம். கேட்டுப் போட்டாலும் சட்டையில் தைத்த பெயரையும் பள்ளிப் பெயரையும் மறைத்துவிடுங்கள்.

கியோன் வட்டாரத்தில் ஹனாமிகோஜியை ஒட்டிய சந்துகள் பல தனியார் வழிகள். அங்கே படம் எடுக்கத் தடை, மீறினால் 10,000 யென் என்று பலகை இருக்கிறது. சில சந்துகளில் 2024 முதல் சுற்றுலாக்காரர்கள் நுழையவே கூடாது. மாலையில் வேலைக்கு விரைந்து நடக்கும் மைகோவை (பயிற்சிக் கெய்ஷா) வழிமறித்து எடுப்பவர்களால்தான் இவ்வளவும் வந்தது, அந்தக் கூட்டத்தில் நீங்கள் சேர வேண்டாம். மைகோக்களை முறையாக எடுக்க விழாக்களே இருக்கின்றன. பிப்ரவரி 2, 3 தேதிகளில் யசாக்கா கோயிலில் செத்சுபுன் நடனம், பிப்ரவரி 25இல் கிதானோ தென்மாங்கு கோயிலில் பிளம் பூ விழாத் தேநீர். அடுத்த பயணத்துக்குக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

டிரோன் எண்ணம் இருந்தால் விட்டுவிடவும். 100 கிராமும் அதற்கு மேலும் உள்ள எதையும் 2022 ஜூன் முதல் பதிவு செய்ய வேண்டும், திருவிழாக் கூட்டத்துக்கு மேலே பறக்கத் தனி அனுமதி வேண்டும். அதோடு, மிகோஷியை மேலிருந்து குனிந்து பார்ப்பது பல ஊர்களில் அவமரியாதை. மாடி ஜன்னலிலிருந்து எடுப்பதற்கும் இது பொருந்தும், நல்ல கோணம் என்று யாராவது மாடிக்குக் கூப்பிட்டாலும் மிகோஷி கடக்கும்போது கீழே இறங்கிவிடுங்கள்.

மணல்வீடு:

தெளிவாகிவிட்டது. கடைசியாக ஒன்று: ஜூலை நடுவில் கியோட்டோவில் மழைக்காலம் முடிந்திருக்குமா? மழை பெய்தால் ஊர்வலம் நின்றுவிடுமா?

இருட்டறை:

முடிந்தும் முடியாமலும் இருக்கும் நேரம் அது. கியோன் ஊர்வலம் மழையிலும் போகும். ஆனால் தேர்களின் பழைய துணிகளை நனையாமல் காக்கக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் விரிப்பால் மூடிவிடுவார்கள், தேரின் அழகு பாதி போய்விடும். இழுப்பவர்களின் படத்துக்கு மழை கெடுதல் இல்லை. ஈரத் தெருவில் உடைகளின் நிறம் பிரதிபலித்து இரண்டாகத் தெரியும், தொப்பி நிழலும் இருக்காது. குடை பிடித்து எடுக்காதீர்கள், பின்னால் நிற்பவருக்கு மறைக்கும். கேமராவுக்கு ஒரு மழையுறை, உங்களுக்கு ஒரு ரெயின்கோட்.

மழையைவிட லென்ஸில் பூக்கும் நீர்தான் அதிகம் கெடுக்கும். ஏசி அறையிலிருந்து 35 டிகிரி வெக்கைக்குள் கேமராவைத் திறந்தபடி எடுத்து வந்தால் கண்ணாடி முழுக்கப் பனி படியும், தெளிய இருபது நிமிடமாவது ஆகும். அறையிலேயே ஜிப் பையில் போட்டு மூடி வெளியே கொண்டுவந்து, பை வெளிச்சூட்டுக்கு வந்த பிறகு திறவுங்கள். அதற்குள் லென்ஸ் மாற்றவே கூடாது, ஈரம் சென்சார்வரை போய்விடும். பெரிய பையை முந்தைய நாளே விடுதியில் விட்டுவிடுங்கள். 17ஆம் தேதி காலை கியோட்டோ நிலையத்தின் பெரிய லாக்கர்கள் சீக்கிரமே நிரம்பிவிடும்.